ஜமுனாவின் சுண்டு விரல்

பழவேற்காட்டு ஏரியில் இறால்களுக்கெல்லாம் ஜமுனாவைத் தெரியும். அவள் கால் தண்ணீரில் பட்டதும் பெரிய இறால்கள் சின்ன இறால்களைப் பார்த்து, "நீங்க ஓடுங்க பிள்ளைங்களா, எங்களுக்கு வயசாயிடுச்சு, நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டு முன்னால் வந்து நிற்குமாம். ஒருமுறை ஒரு கெளுத்தி தெரியாமல் அவள் கையில் முள்ளை ஏற்றிவிட்டது. மறுநாள் அதே இடத்தில் மன்னிப்புக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தது. அவள் மன்னித்துவிட்டுக் குழம்பு வைத்தாள்.

இதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இனி நம்பக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். நடுவில் எங்காவது வழுக்கினால், சேற்றைப் பற்றி எழுதும்போது அதெல்லாம் சகஜம்.

பசியாவரம் தீவு எதிரே தெரிகிற கரையில், கருவேலங்காட்டை ஒட்டி, இருளர் வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. ஜமுனா அங்கேதான் பிறந்தாள், அங்கேயே கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். எவ்வளவு தாண்டினாய் என்று கேட்டால், "பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சி, நீயே கணக்குப் போட்டுக்கோ" என்பாள். அவளிடம் படகு கிடையாது, வலை கிடையாது. இரண்டு கை, ஒரு பறி. பறி என்றால் பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. சில ஊர்களில் பெண்கள் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவுவார்கள். ஜமுனாவின் வரிசையில் அது நடக்காது. அங்கே வாய்க்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே பறி கழுத்தில் தொங்கும்.

கடலுக்கு நீர் வடிகிற வத்தத்தில் இறங்குவார்கள். மண்டியிட்டால் தண்ணீர் மார்பு வரை வரும். நான்கைந்து பெண்கள் கை எட்டுகிற தூரத்தில் வரிசையாக நகர்வார்கள். பகலில் இறால் சேற்றில் புதைந்து கிடக்கும். சேறு கலங்கினால் முன்னால் பாயாது. வாலைச் சுண்டிப் பின்னால் துள்ளும். அதனால் ஒரு கை முன்னால் தடவிக்கொண்டு போக வேண்டும், இன்னொரு கை பின்னால் சும்மா இருக்க வேண்டும். பிடிப்பது அந்தச் சும்மா இருக்கிற கைதான். ஜமுனாவின் இடது கையைப் போலச் சும்மா இருக்கத் தெரிந்த கை அந்தக் கரையில் வேறு எவருக்கும் இல்லை. இதற்குள் மேலே பேச்சு ஓடும். யார் வீட்டு மாப்பிள்ளை குடித்தான், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது, சீரியலில் அந்த மாமியார் செத்தாளா இல்லையா. தண்ணீருக்கு மேலே ஒரு உலகம், கீழே ஒரு உலகம். கைகள் எப்போதும் கீழே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல்.

அவள் வேறு வேலையே பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் கருப்பனோடு தூரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் அவிக்கப் போனாள். போன பிறகுதான் வாசல் கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு என்று தெரிந்தது. சில வருஷங்கள் அந்தச் சுவருக்குள் கழிந்தன. அதிகாரிகள் வந்து திறந்துவிட்ட அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கட்டிய புடவையோடு நேரே ஏரியில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். கருப்பன் கரையிலிருந்து, "வா மே, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டான்.

"நான் ஊட்லதான் கீறேன். நீ போயி சோறாக்கு" என்றாளாம்.

அப்புறம் அவள் அந்தத் தண்ணீரை விட்டு எங்கும் போகவில்லை. கருப்பனும் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அதிகம் இறங்குவதில்லை. வீட்டில் உலை கொதிப்பது ஜமுனாவின் கையால்தான்.

இந்த நிலையில்தான் பிரவீன் வந்தான். கருப்பனின் தம்பி. மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை. மனசு தங்கம், கையில் செல்போன். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அண்ணி, உன்னை ஒலகத்துக்கே காட்டப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றான்.

"ஒலகம் என்னைப் பாத்து இன்னா பண்ணப் போவுது? அதுக்கு வேற வேலை இல்லியா?"

"இல்லியே அண்ணி. அதான் மேட்டரே."

மணல் தரையும் தெளிந்த நீருமாக ஒரு இடத்தைத் தேடிப்பிடித்து, போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தண்ணீருக்குள் விட்டுப் படம் எடுத்தான். அவளுடைய கைகளை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, கீழே ஒரு பாட்டையும் ஓடவிட்டு, தலைப்பு வைத்தான்: 'கையாலயே எறா புடிக்கும் ஜமுனா அக்காவும், ஒத்தாசைக்கு ஒரு அக்காவும்.' அந்த ஒத்தாசை அக்கா, பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த வளர்மதி. அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

படம் பறந்தது. துபாயிலிருந்து ஒருவர் ஹார்ட் போட்டார். அண்டார்டிகாவிலிருந்து ஒரு பெங்குவின் போட்டதாகவும் கேள்வி. எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: அந்த இடது கைச் சுண்டு விரல் என்ன செய்கிறது?

அதுவரை ஜமுனாவுக்கே அது தெரியாது. பிரவீன் போனை அவள் கையில் கொடுத்தான். மெதுவாக ஓடுகிற படத்தில், இறால் துள்ளுவதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன், சும்மா இருக்கிற இடது கையில் சுண்டு விரல் மட்டும் லேசாக விரிந்தது. விருந்தாளி வருவது தெரிந்து கதவைத் திறந்து வைப்பது போல. அப்புறம் இறால் துள்ளியது. பின்னாலேயே வந்து உள்ளங்கைக்குள் உட்கார்ந்தது.

"அய்ய, இது யாரு வெரலு?" என்றாள் ஜமுனா. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. கண்ணாடியில் முகம் பார்க்கக்கூட நேரம் ஒதுக்காதவள், அன்று பொழுது சாயும்வரை தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏரியில் இறங்கினாள். முன் கை தடவியது. பின் கை சும்மா இருந்தது. ஆனால் ஜமுனா சும்மா இல்லை. விரல் விரிகிறதா என்று பார்த்தாள். விரியவில்லை. சரி, நாமே விரிப்போம் என்று விரித்தாள். இறால் துள்ளி, விரித்த விரலுக்கு வெளியே போனது. சீக்கிரம் விரித்துவிட்டோமோ என்று அடுத்ததற்கு மெதுவாக விரித்தாள். அது துள்ளி வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கும், அப்போதும் இவள் விரித்து முடிக்கவில்லை. கரையேறும்போது பறியில் ஒரு கைப்பிடி பாசியும், வழி தெரியாத ஒரு நண்டுக்குஞ்சும் இருந்தன.

முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் தண்ணீரைக் குறை சொன்னாள். அப்புறம் பேச்சு குறைந்தது. போகப் போகப் பயம் வந்தது.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். சொந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்று, பிரவீனை அந்தப் படத்தைக் கருப்பனின் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். இறங்குவதற்கு முன்னால் பார்ப்பாள், ஏறிய பிறகு பார்ப்பாள். படத்தில் இருக்கிற ஜமுனாவைப் பார்த்து, கரையில் இருக்கிற ஜமுனா இறால் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்கிற பிள்ளைகளைக் கண்டதுண்டு. தன்னையே பார்த்துக் காப்பியடித்து, அதிலும் ஃபெயிலான ஆளை அப்போதுதான் கண்டேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கன்னியம்மா சாமிக்குப் பொங்கல் வைத்துக் குங்குமத்தை விரலில் பூசினார்கள். சிவப்பாக இருந்ததால் விரல் இன்னும் நன்றாக ஞாபகம் வந்தது. துணியைக் கிழித்துச் சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். அன்று முழுக்க ஏரியில் அந்த ஒரு விரலைத் தவிர வேறு எதுவுமே இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. "அத்தையே நெனைச்சிக்கினு இருக்காத மே" என்றான் கருப்பன்.

"எத்தை?"

"அதான், வெரலை."

"இப்போ யாரு ஞாபகப்படுத்துனது? நானா, நீயா?"

வரிசைப் பெண்கள் அவர்கள் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அவள் நிதானமாகத் தடவட்டும் என்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த ஏரியில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை. துக்க வீட்டில் இறங்கித் தடவுகிற மாதிரி இருந்ததாம். யாருக்குமே பறி நிரம்பவில்லை.

சீன தேசத்தில் வெகு காலத்துக்கு முன்பு தாவோ என்று ஒன்றைச் சொன்னவர்கள் இருந்தார்கள். தாவோ என்றால் வழி. தண்ணீருக்கு யாரும் பாதை காட்டுவதில்லை, அது பள்ளத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறது. மனிதன் மட்டும் எங்கே போனாலும் 'நான்' என்று ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போகிறான், அந்த ஆள் தன் வேலையில்லாத இடத்திலெல்லாம் தலையிடுகிறான் என்பது அவர்கள் கட்சி. முதலில் படித்தபோது, வேலைவெட்டி இல்லாத பெரியவர்கள் மலைமேல் உட்கார்ந்துகொண்டு பேசியது என்றுதான் நினைத்தேன். ஜமுனா வீட்டு வாசலில் குந்தி, ஒரு விரலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, அவர்களில் ஒருவராவது கட்டாயம் இறால் தடவியிருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மாசி பிறந்தது. வீட்டில் அரிசிப் பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் எடுப்பதாகக் கருப்பன் விசாரித்து வந்தான். நல்ல இடம்தான். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும்.

ஜமுனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "செவுரு கீதா?"

"செவுரு இல்லாத கேன்டீனு எங்க மே கீது?"

"கேட்டுக்குப் பூட்டு?"

கருப்பன் வெளியே போய் விறகு பிளந்தான். பிளந்து முடித்து வந்து, "பூட்ட மாட்டாங்க. கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை ஜமுனா பறியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பிடிப்பதற்காக இல்லை, சொல்லிக்கொண்டு போக. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த தண்ணீராயிற்றே.

வரிசையில் ஒரு கோடியில் குப்பம்மா, அந்தக் கரையிலேயே மூத்தவள். அடுத்தது ராஜம்மா. அப்புறம் ஜமுனா, அவளுக்கு அந்தப் பக்கம் வளர்மதி. நால்வரும் மண்டியிட்டு நகர ஆரம்பித்தார்கள். பிறகு ஜமுனா, "நாளையிலேர்ந்து நான் வரலை. கேன்டீனுக்குப் போறேன்" என்றாள்.

அவ்வளவுதான். அடைத்துக் கிடந்த முகத்துவாரம் உடைந்தாற்போல வளர்மதி உடைந்தாள்.

"போறியா? போ. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ. நான் இன்னா உனக்கு ஒத்தாசைக்காரியா?"

"இன்னாடி சொல்றே?"

"தெரியாத மாதிரி கேக்காத. படத்துல போட்டுக்கீதே, ஜமுனா அக்காவும் ஒத்தாசைக்கு ஒரு அக்காவும்னு! ஊரே பாத்துச்சி. என் மாமியா பாத்துட்டு, ஏண்டி, நீ ஜமுனாகிட்ட வேலைக்குக் கீறியான்னு கேக்குது. சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல பக்கத்துல தடவுறோம். எனக்கு ஒரு பேரு இல்லியா?"

"அது பிரவீன் எழுதுனது. எனக்குப் படிக்கவா தெரியும்?"

"நாள் முழுக்கப் பாத்தியே படத்தை! ஒரு தபா, ஒரே ஒரு தபா, இது யாரு முதுகுன்னு கேட்டியா? வெரலையே பாத்துக்கினு இருந்தே!"

"என் வெரலு, நான் பாப்பேன்!"

"பாரு! நல்லாப் பாரு! ஒடம்புல மீதியெல்லாம் ஒழிஞ்சி போவட்டும்!"

"வாய அலம்பிட்டுப் பேசுடி. நீ இன்னா ஒழுங்கு? என் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கிக்கினு போன மஞ்சப் புடவை எங்கடி? சாமி கும்புட்டுட்டுத் தரேன்னு சொன்னியே, எந்த சாமிடி அது, இன்னுமா கண்ணத் தொறக்கலை?"

ராஜம்மா தண்ணீருக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். குமிழி குமிழியாக வந்தது. குப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் வேறு எங்கோ இருந்தது. ஜமுனாவின் கழுத்தில் தொங்கிய பறி, மேலே மிதக்க வேண்டியது, கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருந்தது. இடது கை தண்ணீருக்கு மேலே வந்தது, பறிக்குள் எதையோ போட்டது, திரும்பப் போனது. ஜமுனாவின் முகமோ வளர்மதியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை திரும்ப வந்தது. திரும்பப் போனது.

குப்பம்மா ராஜம்மாவின் விலாவில் ஒரு குத்துக் குத்தினாள். ராஜம்மா பார்த்தாள். சிரிப்பு நின்றது.

சண்டை அந்த நேரம் பார்த்துத் தளர ஆரம்பித்தது. வளர்மதிக்கு மூச்சு வாங்கியது. "சரி வுடு, புடவையத் தந்துடறேன்" என்றாள். ஜமுனாவும், "சரி, நானும் கேட்டிருக்கணும்..." என்று ஆரம்பித்தாள்.

போச்சு, சமாதானம் வந்து எல்லாவற்றையும் கெடுக்கப் போகிறது என்று குப்பம்மாவுக்குப் பதறியது. "ஏண்டி வளர்மதி," என்றாள் அப்பாவியாக, "மாட்டுப் பொங்கலுக்கு நீ குடுத்தனுப்புன கருவாட்டுக் கொழம்பை, ஒரே உப்பு, நாயி கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சின்னு ஜமுனா சொல்லிச்சே, அது நெசமா?"

"நான் எப்போ சொன்னேன் அத்தே?" என்றாள் ஜமுனா.

"சொன்னியே. ராஜம்மா கூட இருந்துச்சி."

"ஆமா ஆமா," என்றாள் ராஜம்மா. "நாயி பேரக்கூட சொன்னே."

வளர்மதி எல்லாவற்றையும் பொறுப்பாள், குழம்பைச் சொன்னால் பொறுக்க மாட்டாள். கரையில் நின்ற கொக்குகள் ஒரு வார்த்தைக்கு ஒரு கொக்காகக் கிளம்பிப் போயின. பசியாவரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வத்தம் இழுக்க இழுக்கப் பெண்கள் நகர்ந்தார்கள், சண்டையும் கூடவே நகர்ந்தது. ஜமுனாவின் பறி கழுத்தை இழுத்தது. அவள் ஏதோ கோபத்தில் கழுத்து வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கயிற்றைத் தோளுக்குத் தள்ளிவிட்டுத் திட்டினாள்.

அப்போது வளர்மதி பார்த்துவிட்டாள். திட்டு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. குப்பம்மா கண்ணால் அதட்டினாள். வளர்மதி நல்லவள், உடனே புரிந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆனால் பாசத்தோடு திட்ட வராது அவளுக்கு.

"நீ... நீ ஒரு... பெரிய இவளாடி... நாயே," என்றாள், கண்ணில் நீரோடு, கெஞ்சுகிற குரலில்.

"இன்னாடி குரலு மாறுது?" என்று ஜமுனா கேட்டாள். கேட்டுவிட்டு எல்லாரையும் பார்த்தாள். மூன்று முகமும் ஒரே இடத்தைப் பார்ப்பது தெரிந்து, தானும் அங்கே பார்த்தாள். இடது கையில் ஒரு வெள்ளை இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பறி வாய் வரை நிரம்பியிருந்தது.

தெரியாத வரைக்கும் கை வேலை செய்தது. இப்போது தெரிந்துவிட்டதே.

ஜமுனா இறாலைப் பறிக்குள் போட்டாள். கையைத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டாள். முன் கை நகர்ந்தது. சுண்டு விரல் ஞாபகம் வந்தது. வராமல் எங்கே போகும்? ஆனால் இந்தத் தடவை அவளுக்கு அலுப்பாக இருந்தது, தொண்டை வறண்டிருந்தது, திட்டித் தீர்த்த மனசு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. விரட்டவும் தெம்பில்லை, ஏவவும் தெம்பில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி, அது பாட்டுக்கு என்ன செய்கிறதோ செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றுக்குள் எங்கோ கொஞ்சம் நீர் அசைந்தது. விரல் விரிந்தது. அவள் விரிக்கவில்லை. இறால் பின்னாலேயே வந்து கைக்குள் உட்கார்ந்தது.

"வந்துச்சா?" என்று குசுகுசுத்தாள் ராஜம்மா.

"வந்துச்சி," என்றாள் ஜமுனா. "அதுவா வந்துச்சி."

அடுத்ததும் வந்தது. இடையில் ஒன்று தப்பித்தது. அவள் அதற்காகக் கையைப் பார்க்கவில்லை. தப்பிக்கிற இறால் எல்லாக் காலத்திலும் உண்டு.

கரையில் கருப்பன் நின்றிருந்தான். பறியைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் கழுத்திலிருந்து கழற்றி வாங்கினான். கனத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்படியே வளைந்து நின்றபடி, "அப்போ அந்த வேனு?" என்றான்.

"வர வேணாம்னு சொல்லிடு."

"சொல்லிடறேன்," என்றான். அந்த ஆலைச் சுவரை அவனும் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தான் போலிருக்கிறது. போனை எடுத்துப் பேசினான். பேசும்போது தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்ததும் ஜமுனா வேப்பமரத்தடியில் ஈரத்தலையோடு படுத்தாள். படுத்ததுதான் தெரியும். பல வாரத் தூக்கம் மொத்தமாக வந்து அவளை இழுத்துக்கொண்டு போனது. குறட்டைச் சத்தத்தில் எதிர்க்கரையில் படகுக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள் என்று சொல்லலாம், சொல்லவில்லை. கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் இறங்கும் நேரம் வளர்மதி வந்தாள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு. "எழுப்பு அவளை. அந்தக் கொழம்பு விசயம் இன்னும் முடியலை."

"தூங்குது," என்றான் கருப்பன். "அப்பால வா."

"எழுந்ததும் கேக்கறேன்," என்று சொல்லி அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஜமுனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சும்மா இருக்க முடியாமல், வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இறாலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி உரிக்க ஆரம்பித்தாள்.